ஒன்பதாம் மேசைக்கு வந்த சிவப்பு

நான் வேலை பார்த்த பட்டறையில் சாக்பீஸ் இரண்டு நிறத்தில் இருக்கும். வெள்ளைக் கோடு போட்டால் கம்பி சுற்றிய மோட்டார் தேறிவிட்டது என்று அர்த்தம். சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் அது வந்த மேசைக்கே திரும்பிப் போகும். சுற்றியவரே பிரித்து, சுற்றியவரே மறுபடியும் சுற்ற வேண்டும். முதல் நான்கு மாதம் என் மேசைக்கு ஒரு சிவப்புகூட வரவில்லை. அதை வைத்து நான் கொண்ட கர்வத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மண்சாலையில் இருந்தது பட்டறை. கிணற்று மோட்டார் செய்கிற இடம். எங்கள் கூடத்தில் பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு பெண்கள். கனமான இரும்பு வளையம் ஒன்று ஆளுக்கு முன்னால் இருக்கும், ஸ்டேட்டர் என்போம். அதன் உள்பக்கம் வரிசையாகக் காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள். செம்புக் கம்பிச் சுருளை அந்தக் காடிகளுக்குள் இறக்கி, மூங்கில் பட்டையால் அமுக்கி, மேலே நூலால் இழுத்துக் கட்டவேண்டும். இறக்கும்போது கம்பி மேல் இருக்கிற பூச்சு உரிந்து அது இரும்பைத் தொட்டுவிட்டால் போச்சு, மோட்டார் உடம்பெல்லாம் கரண்ட் ஏறும். 'பாடி ஆயிருச்சு' என்பார்கள். பட்டறையில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

எனக்கு வலது கால் போலியோ வந்த கால். தொடையிலிருந்து பாதம்வரை இரும்புப் பட்டையும் தோல்வாருமாக ஒரு காலிபர். அதற்கு முழங்காலில் மடக்கு இல்லை. உட்கார்ந்தாலும் கால் விறைப்பாக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவேன். வேலைக்கு அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. "ஊட்ல உனக்கு என்ன கொறைங்க அம்மணி?" என்று கேட்டுக்கொண்டேதான் தினமும் மொபெட்டில் பஸ் ஸ்டாப்புவரை கொண்டுவந்து விடுவார். எனக்கு ஒரு குறையும் இல்லைதான். என் கையால் ஒரு பொருள் செய்து, அது எங்கோ ஓடுகிறது என்று சொல்லவேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

சேர்ந்த அன்றைக்கு முதலாளி என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இந்தப் புள்ள நம்மூட்டுப் புள்ள மாதிரி. ஒரு கொறையும் இல்லாம பார்த்துக்கோணுமுங்க." நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் காரணம்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரம், ஃபேனுக்குக் கீழே, ஒன்பதாம் மேசை எனக்கு. டீ முதலில் எனக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கூடம் கூட்டி, செம்புத் துணுக்கு பொறுக்கும் முறைப் பட்டியலில் பதினோரு பேர்தான் இருந்தார்கள். பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு: வாரத்தில் யாருக்கு அதிகச் சிவப்பு விழுகிறதோ அவர் அடுத்த வாரம் முழுக்க, வார்னிஷில் முக்கியதை உலர்த்துகிற அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்காரவேண்டும். அனல் அடிக்கும், வார்னிஷ் வாடை தலையைச் சுற்றும். சனிக்கிழமை யார் அடுப்புக்குப் போவது என்று எண்ணும்போது கூடமே கேலியில் புரளும். அந்தக் கேலி எட்டாம் மேசைவரை வரும், என்னைத் தாண்டிப் பத்தாம் மேசைக்குப் போய்விடும்.

பத்தாம் மேசைக்காரிக்கு என் வயதுதான். வெள்ளகோவிலில் பிறந்து, கவுண்டம்பாளையத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். வாய் என்றால் வாய். முதலாளியின் வேட்டி மடிப்பைக்கூட விடமாட்டாள். என்னிடம் மட்டும் "தண்ணி வேணுங்களா", "நகருங்க, நான் எடுத்தாறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மத்தியானம் நாங்களெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, டிபன் பாக்ஸை மூடுகிற நேரத்தில்தான் வருவாள். தனியாகச் சாப்பிடுவாள். என்னோடு சேர்ந்து உண்பதில் அவளுக்கு ஏதோ இளக்காரம் என்று நானே முடிவு செய்து, மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கூடத்தின் கடைசியில் சோதனை மேசை. அங்கே இருந்தவரை எல்லோரும் பாய் என்போம். கோட்டைமேட்டிலிருந்து வருகிறவர், பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றைச் செம்பில் வைத்து, ஒன்றை இரும்பில் வைப்பார். பல்பு எரிந்தால் பாடி, அதாவது சிவப்பு. எரியாவிட்டால் வெள்ளை. அதிர்ந்து பேசாதவர். சிவப்புப் போடும்போதுகூட "மன்னிச்சுக்கம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே போடுவார்.

தேறிய ஒவ்வொரு மோட்டாரின் மேலும் மேசை எண்ணை அடித்துவிடுவார்கள். மூன்றாம் மாதம் எங்கள் கிணற்று மோட்டார் கெட்டுப்போனது. அப்பா அன்னூர்க் கடைக்குப் போய், எங்கள் பட்டறை மோட்டாரில் ஒன்பது அடித்ததுதான் வேண்டும் என்று நின்றிருக்கிறார். கடைக்காரர் நான்கு பெட்டியைப் பிரித்தாராம். அன்றிலிருந்து எங்கள் விவசாயக் காட்டுக்கு யார் வந்தாலும், பால் கறக்க வந்தாலும், வழி கேட்க வந்தாலும், அப்பா அவரைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போய், "இது என்ற புள்ள சுத்துன மோட்டாருங்க" என்பார். பக்கத்தில் நான் நின்றால் வெட்கப்படுகிற மாதிரி நடித்துக்கொள்வேன்.

ஐந்தாம் மாதம் ஒரு ஒன்பது பட்டறைக்கே திரும்பி வந்தது. யாரோ ஒருவருடைய காட்டில் மூன்று கரண்ட் லைனில் ஒன்று போய், இரண்டில் ஓடிக் கருகியது. சுற்றியவர் குற்றம் இல்லை. திரும்பி வந்ததை அந்தந்த மேசைதான் பிரிக்கவேண்டும் என்பதால் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பாதிதான் கருகியிருந்தது. மறுபாதியில் நூல் கட்டு அப்படியே இருந்தது. வெட்டுவதற்குக் கத்தரியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நூலை ஒவ்வொரு காடிக்கும் ஒரு சுற்றாக இழுத்து முடிச்சுப் போடுவோம். அவரவர் கையெழுத்து மாதிரி அவரவர் முடிச்சு. நான் ஒற்றை முடிச்சுப் போட்டு உள்பக்கமாக இழுத்துவிடுவேன். இதில் இருந்தது இரட்டை முடிச்சு, வெளிப்பக்கம், பிசிறில்லாமல். தலையைத் திருப்பிப் பத்தாம் மேசையைப் பார்த்தேன். அவள் அதே இரட்டை முடிச்சைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இந்த முடிச்சு யாருதுங்க?"

அவள் என் மேசையைப் பார்த்தாள். பிறகு கடைசியில் இருந்த பாயைப் பார்த்தாள். கையில் இருந்த பட்டையைக் கீழே வைத்தாள்.

"சொல்லீர்றனுங்க. எனக்கும் முடியல. பாய் ஒரு நாள் வந்து, 'இந்தப் புள்ளைக்குப் போயி எப்படிம்மா செவப்புப் போடறது, நீ கொஞ்சம் பார்த்துக்கோ'ன்னாரு. ஒரு வாரத்துக்குன்னு நெனைச்சேன். மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க. நீங்க சோறு உங்கப் போனதும், பாய் சாக்குக்கு அடியில வெச்சிருக்கறத எடுத்துப் பிரிச்சு, முடிஞ்ச மட்டும் சுத்திப்போட்டுத்தான் நான் சோறு உங்க வாரேன். மிச்சத்தச் சாயங்காலம் நீங்க பஸ்ஸுக்குப் போனப்புறம் முடிப்பேன். நாலு மாசமா ஆறுன சோறுதானுங்க."

"எத்தனை பிரிச்சீங்க?"

"மொதல் மூணு மாசம் ஒண்ணுகூடத் தேறலீங்க. இப்ப பத்துக்கு ரெண்டு தேறுது."

முதல் மூன்று மாதம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் எங்கள் கிணற்று மேட்டில் ஓடிக்கொண்டிருப்பது? அப்பா அந்த மோட்டாரைத் தொட்டுக் காட்டுகிற விதம் கண்முன் வந்தது. நான் செய்தது என்று ஒன்றுமே இல்லை. ஒரு எண்தான் என்னுடையது.

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். காலிபர் டக்டக்கென்று ஒலிக்க நேராகப் பாயிடம் போனேன். என் நடையைக் கேட்டே அவர் எழுந்துவிட்டார்.

"பாய், எனக்குச் சிவப்புப் போடுங்க."

"அதெப்படிம்மா? முதலாளி சொல்லியிருக்காரு. உனக்கு நான் எப்படி..."

"போடாட்டி நாளையிலிருந்து நான் வரமாட்டேனுங்க."

"எனக்கும் உன் வயசுல மக இருக்கா, கண்ணு."

"உங்க மக தப்பாச் சுத்துனா என்ன பண்ணுவீங்க?"

அவர் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தார். "திட்டுவேன்" என்றார்.

"எனக்கும் அதுதானுங்க வேணும்."

மறுநாள் காலையில் முதல் சிவப்பு வந்தது. பாயே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். பிரிப்பது சுற்றுவதைவிட எத்தனை சிரமம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரமத்தைத்தான் இவள் நான்கு மாதம், பசியோடு, எனக்குத் தெரியாமல் பட்டிருக்கிறாள். அவமானமாகத்தான் இருந்தது. அழுதுகொண்டேதான் பிரித்தேன். ஆனாலும் அந்தப் பட்டறையில் அதுதான் எனக்கு முதல் நாள் என்று தோன்றியது.

அந்த வாரம் பதினான்கு சிவப்பு. சனிக்கிழமை எண்ணும்போது வழக்கமான கேலி எதுவும் எழவில்லை. அடுத்து இருந்தவளுக்கு ஆறுதான். "நான் போறேன் அடுப்புக்கு" என்றாள் அவள். இன்னொருத்தி, "இந்த வாரம் யாரும் போகவேண்டாமுங்க" என்றாள். அப்போது பத்தாம் மேசைக்காரி எழுந்தாள்.

"சட்டமுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தூக்குங்க உங்க சாமானத்த" என்று என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாதியில் திரும்பி, "அந்த இரும்புக்காலு அடுப்புச் சூட்டுல பழுத்துக்காம பார்த்துக்குங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். நான்கு மாதத்தில் என்னை வைத்து அந்தக் கூடத்தில் யாரும் செய்த முதல் கேலி அது. அதற்காகவே அவளுக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளி கூடத்துக்கு வந்தார். வியர்த்து வழிய நான் அடுப்போரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இந்தப் புள்ளைய இங்க உக்கார வெச்சது யாருங்க?"

கோபத்திலும் அவருக்கு 'ங்க' போகாது. ஆனால் அந்தக் குரலை எங்களுக்குத் தெரியும். பாய் எழுந்து நின்றார். பத்தாம் மேசைக்காரியும் எழுந்தாள். இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மறுபடியும் ஜன்னலோரம் போய்விடுவேன், இவர்கள் இரண்டு பேருக்கும் திட்டு விழும், எனக்கு இனி எந்தக் காலத்திலும் சிவப்பு வராது.

"நான் வாங்குன செவப்புக்கு நானேதான் வந்தேனுங்க. பதினாலு" என்றேன். ஆரம்பித்தபிறகு நிறுத்தத் தெரியவில்லை. சாக்கு, ஆறின சோறு, இரட்டை முடிச்சு, எங்கள் கிணறு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. பிறகு பாயைப் பார்த்து, "பதினாலும் பாடி. எந்த எடத்துல ஆவுதுன்னு பார்த்தீங்களா பாய்?" என்று கேட்டார். பார்க்கவில்லை. நான்கு மாதம் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்ததை யார் உட்கார்ந்து பார்ப்பது? அன்று காலையில் சிவப்பு விழுந்த மூன்றைக் கொண்டுவரச் சொல்லித் தரையிலேயே குந்தி உட்கார்ந்தார். கம்பியைப் பிரிக்கப் பிரிக்க, மூன்றிலும் ஒரே இடத்தில் பூச்சு உரிந்திருந்தது. வலதுபக்கம், அடிக்காடி.

"என்ற கண்ணு முன்னாடி ஒண்ணு சுத்துங்க பார்க்கலாம்" என்றார்.

சுற்றினேன். எங்கள் எல்லா மேசைக்கும் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. என் நீட்டிய கால் அதற்குள் போகாது. அதனால் எப்போதுமே நான் மேசைக்குப் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்காருவேன். கை வளைந்து வரும்போது வலதுபக்கக் கம்பி காடியின் விளிம்பில் உரசிக்கொண்டே இறங்குகிறது. எனக்குப் பழகிப்போனதால் எனக்கும் தெரியவில்லை. என்னைப் பார்ப்பதே தப்பு என்று மரியாதையாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டினார். "தப்பு புள்ள கையில இல்லீங்க பாய். மேசையில இருக்குது."

அன்று மத்தியானமே தச்சர் வந்து என் ஒன்பதாம் மேசையில் அந்தச் சட்டத்தை அறுத்து எடுத்தார். பாய் ஒரு பழைய ஃபேன் பேரிங்கை வைத்து, ஸ்டேட்டரை இருந்த இடத்திலேயே சுற்றித் திருப்புகிற மாதிரி ஒரு தட்டு செய்துகொடுத்தார். அதற்கப்புறம் நான் ஸ்டேட்டரைச் சுற்றி வளையவேண்டியதில்லை. அது என் பக்கம் திரும்பியது. அடுத்த வாரம் எனக்கு ஐந்து சிவப்பு. அதற்கடுத்த வாரம் மூன்று. பத்தாம் மேசைக்காரி ஒருநாள் என் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் முதுகு இல்லீங்களா பாய்?" என்று கேட்டாள். தீபாவளிக்குள் பன்னிரண்டு மேசைக்கும் அந்தத் தட்டு வந்துவிட்டது. சனிக்கிழமைப் பட்டியலிலும் பன்னிரண்டு பேர் ஆனோம். என்னால் குனிந்து கூட்ட முடியாது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து செம்புத் துணுக்கைப் பிரித்துப் போடுவேன். நான் மெதுவாகச் செய்கிறேன் என்று எல்லோரும் தாராளமாகத் திட்டுவார்கள்.

அப்பாவிடம் சொல்வதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாய்க்கால் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அது நான் சுற்றியது இல்லை என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார். மோட்டாரை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்ப நாலு மாசமா அந்தப் புள்ள சூடாச் சோறு உங்கலியா?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா."

"ஒரு நாளைக்கு இங்க கூட்டியா, கண்ணு. சூடாப் போடோணும்."

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். அம்மா அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கி, ஆவி பறக்க இலையில் கொட்டி, நெய்யை ஊற்றினாள். அப்பா எதிரே நின்றுகொண்டு, ஆறுவதற்குள் அடுத்த கரண்டி போடு என்று அம்மாவை விரட்டினார். "வாய் வெந்துபோச்சுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள் அவள். கை கழுவியதும் அப்பா அவளைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன்.

"நீங்க சுத்துனதுங்களாமா, அம்மணி" என்று சொல்லி ஸ்டார்ட்டரை அமுக்கினார்.

குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அவள் கிட்டப் போய்த் தண்ணீருக்கு அடியில் கையை நீட்டி அப்படியே வைத்துக்கொண்டாள்.

"ஆறு வருசமாச் சுத்தறேனுங்க. சுத்துனதோட செரி, பெட்டியில போயிரும். ஓடி இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றாள். ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். அந்த மோட்டாரின் மேல் என் மேசை எண்தான் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். பேச்சுவாக்கில் மோட்டாரைக் காட்டி, "உங்க புள்ள சுத்துனதுங்களே, நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்டார். நான் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ற புள்ள சுத்துனதில்லீங்க. அதோட சிநேகிதி சுத்துனது" என்றார் அப்பா. பிறகு, பழைய பெருமைக்குக் கொஞ்சமும் குறையாத அதே குரலில் சொன்னார்: "என்ற புள்ளைக்கு இப்பத்தானுங்க, எல்லாத்துக்கும் போடற மாதிரியே செவப்புப் போடறாங்க."